ஓராளும் குடும்பம்தான்

வன்னியில் வீட்டுத்திட்டத்துக்கும் வாழ்வாதார உதவிக்கும் பயனாளிகளைத் தெரிவுசெய்யும் அலுவலர்களுக்கும், இங்கே உளவளத்துணைப் பணியைப் பொறுப்பாக நடத்துகிறவர்களுக்கும்,

போன மாதம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் வீட்டுத்திட்டப் பயனாளிகளின் பட்டியலை ஒட்டியிருந்தீர்கள். முதலில் தயாரித்த பட்டியலையே பேனையால் திருத்தி ஒட்டியிருந்தது. அதில் ஒரு பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறி, பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘தனி அங்கத்தவர்’ என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயருக்குரியவர் என் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இருக்கிற அக்கா. வயது 58. கலியாணம் கட்டவில்லை. 2010இல் மீளக்குடியேறி வந்தபோது தந்த தகரத்தையும் தறப்பாளையும் கொண்டு போட்ட கொட்டிலில்தான் இன்றைக்கும் இருக்கிறார். தறப்பாள் எப்போதோ கிழிந்து போய்விட்டது. தகரம் துருப்பிடித்து, ஆணி அடித்த இடமெல்லாம் ஓட்டை பெருத்துவிட்டது. அந்த ஓட்டைகளில் சீமெந்துப் பையை மடித்துச் செருகி வைத்திருக்கிறார். உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது கூரை வளையில் தொங்கும் ஒரு சொப்பிங் பை. பிறப்பு அத்தாட்சி, காணி அனுமதிப்பத்திரம், தாயின் இறப்பு அத்தாட்சி எல்லாம் அதற்குள்தான். கொட்டிலில் மழைக்கு நனையாத இடம் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, மூன்று பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கட்டிலை ஒவ்வொரு மாரிக்கும் இடம் மாற்றுகிறார். இப்போது அது அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. கதவும் தகரம்தான். இரவில் உள்ளேயிருந்து கம்பியால் கட்டிவிட்டுத் தலைமாட்டில் கத்தியை வைத்துக்கொண்டு படுக்கிறார்.

கூட்டத்தில் அக்கா எழும்பி, ஏன் தன் பெயரை வெட்டினீர்கள் என்று கேட்டார். பதில் சொன்ன அலுவலர் மரியாதையாகத்தான் கதைத்தார், அதையும் எழுதவேண்டும். “அக்கா, நீங்கள் ஓராள்தானே. ஓராளுக்கு ஏன் ஒரு முழு வீடு? அண்ணன்ர வீட்டில இருக்கலாம்தானே. அறுபது தாண்டட்டும், முதியோர் பட்டியலில போட்டுப் பாப்பம்.”

“தம்பி, மழை ஆளெண்ணியே பெய்யுது?” என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா இருந்துவிட்டார். பின்னுக்கு இருந்த சிலர் சிரித்தார்கள். அன்று இரவு முழுக்க அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 51 வயது. நானும் கலியாணம் கட்டவில்லை. 2010இலிருந்து ஏழு வருடம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளசமூகப் பணியாளராக ஊரூராகத் திரிந்தேன். இப்போது வீட்டில் தையல், வளவில் பயிற்றையும் மிளகாயும். தகப்பன் கட்டிய கல்வீட்டின் மிச்சத்தைத் திருத்தி இருக்கிறேன். இந்த மடலால் எனக்கு ஒரு கல்லும் கிடைக்கப்போவதில்லை, நான் கேட்கவும் இல்லை. இதை எழுதுவதற்கு எனக்குள்ள உரிமை, அக்கா சொல்லாமல் விட்டதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதுதான்.

அக்காவின் கலியாணப் பேச்சு 1996இல் முற்றாகி வந்தது. அந்த வருடம் கிளிநொச்சியில் சண்டை தொடங்கி, சனம் அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சிதறியதில் அந்தப் பேச்சும் சிதறியது. திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள் தகப்பன் போய்விட்டார். தாய்க்கு இடுப்புக்குக் கீழே இயங்காமல் போனது. அண்ணனுக்குக் கலியாணமாகி மூன்று பிள்ளைகள். ‘அவன் பிள்ளைகுட்டிக்காரன், அவளுக்கென்ன, குடும்பமா குட்டியா, தாயை அவளே பார்க்கட்டும்’ என்று இனசனம் தீர்த்தது. அக்கா பார்த்தார். 2009இல் தருமபுரத்திலிருந்து விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஓடியபோது தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சீலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி உருட்டிக்கொண்டு போனவர் அவர். செட்டிகுளம் முகாமில் தண்ணி பவுசருக்கு முன்னால் விடியற்புறம் நாலு மணிக்கு வாளியோடு நின்றவரும் அவர்தான். தாய் 2014இல் அந்தக் கொட்டிலில்தான் கண்ணை மூடினார்.

இதில் என்னை வதைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. தாயை யார் பார்ப்பது என்று வந்தபோது ‘அவளுக்குக் குடும்பம் இல்லை’ என்பதுதான் சுமையை அவர் தலையில் வைத்ததற்குக் காரணம். இன்றைக்கு வீடு என்று வரும்போது அவர் பெயரை வெட்டுவதற்கும் அதே காரணம். நீங்கள் அந்தச் சிவப்புக் கோட்டைக் கீறியபோது பதினொரு வருடம் தாயைத் தூக்கிப் படுக்கவைத்த ஒரு ஆளை ‘குடும்பம் இல்லாதவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

‘அண்ணன் வீட்டில் இருக்கலாம்தானே’ என்றார்கள். அண்ணன் வீட்டில் இரண்டு அறை. அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்குக் கலியாணமாகி மருமகளும் வந்துவிட்டாள். அக்கா போனால் விறாந்தையில்தான் பாய் விரிக்கவேண்டும். அண்ணி நல்லவர், ஒரு சொல் சொல்லமாட்டார். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயதில் இன்னொருத்தி வீட்டு விறாந்தையில், அந்த வீட்டார் எழும்புமுன் எழும்பி, படுத்தபின் படுத்து, கறிச்சட்டியில் கடைசியாகக் கைவைத்துக் காலம் தள்ளுவது என்றால் என்னவென்று அனுபவித்த பெண்களிடம் கேளுங்கள். வன்னியில் அப்படி இருப்பவர்கள் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள்.

நான் உளவளத்துணைப் படிப்புக்கான ஒப்படை எழுதும்போதுதான் பெல்லா டிபாலோ என்ற பெயரை முதன்முதலில் வாசித்தேன். அமெரிக்காவில் சமூக உளவியலாளர். அவர் செய்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கூட்டத்தில் நடந்ததை அவர் பல வருடங்களுக்கு முன்பே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்.

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1979இல் கலாநிதிப் பட்டம் பெற்று, வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் படிப்பித்தவர் அவர். ஆரம்பத்தில் அவர் ஆராய்ந்தது பொய்யை. ஆட்களிடம் கொப்பியைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் சொன்ன பொய்களை எழுதச் சொன்னார். 1996இல் வெளியான அந்த ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் நாளொன்றுக்கு இரண்டு பொய் வரையில் சொன்னார்கள், ஊர்ச்சனம் ஒன்று வரையில். அந்தத் துறையில் அவருக்கு நல்ல பெயர். அப்படியே இருந்திருக்கலாம். அவர் தன் சொந்த வாழ்க்கை பற்றிய கேள்விக்குத் திரும்பினார். அவர் கலியாணம் கட்டாதவர், அப்படி வாழ்வதை விரும்பியே வாழ்கிறவர். தன்னைப் போன்றவர்களைப் பற்றி உளவியல் என்ன சொல்கிறது என்று தேடினார். 2000இல் ஒரு வருட விடுப்பில் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவரது வேலையெல்லாம் தனித்து வாழ்கிறவர்களைப் பற்றித்தான்.

தனியாக இருப்பவர்களுக்குச் சமூகம் செய்யும் ஓரவஞ்சனைக்கு அவர் ‘சிங்கிளிசம்’ என்று பெயர் வைத்தார். பெயர் இல்லாத வரைக்கும் இப்படியானவற்றை யாரும் குறையாகவே எடுப்பதில்லை. 2016இல் டென்வர் நகரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் பேசியபோது, கலியாணமே கட்டாதவர்களைச் சேர்த்துக்கொண்ட ஆய்வுகளைத் தேடியதில் 814 கிடைத்ததாகச் சொன்னார். அவற்றிலும் பெரும்பாலானவை கட்டினவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் இவர்களைச் சேர்த்தவை. அவர்களின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அவர்களிடமே கேட்டவை குறைவு.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2007இல் வெண்டி மொரிஸ், ஸ்டேசி சின்கிளயர் என்ற இருவரோடு சேர்ந்து டிபாலோ ஒரு ஆய்வை வெளியிட்டார். வாடகை வீட்டு முகவர்களிடமும் மாணவர்களிடமும், ஒரு வீட்டுக்கு விண்ணப்பித்தவர்களின் விபரங்களைக் கொடுத்து, யாருக்கு வாடகைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கட்டின சோடிதான் முன்னுக்கு வந்தது, தனியாட்கள் பின்னுக்குப் போனார்கள். சரி, ஏன் என்று கேட்டபோது வந்த பதில்தான் முக்கியம். அவர்கள் கலியாணம் கட்டினவர்கள், அதனால். வேறு விளக்கமே சொல்லவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், வேறு பிரிவினருக்குச் செய்யும் பாகுபாட்டைப் பிழை என்று பார்த்த ஆட்களுக்கு, தனியாட்களுக்குச் செய்யும் பாகுபாடு அவ்வளவு பிழையாகத் தெரியவில்லை.

அதை வாசித்த அன்று எனக்கு அது தூர தேசத்துக் கதை. போன மாதம் பொதுநோக்கு மண்டபத்தில் கண்ணுக்கு முன்னால் நடந்தது. சாதியைச் சொல்லியோ சமயத்தைச் சொல்லியோ அக்காவின் பெயரை வெட்டியிருந்தால் அந்த மண்டபமே எழும்பியிருக்கும். உங்களுக்கும் அப்படிச் செய்ய மனம் வந்திருக்காது. ‘தனி அங்கத்தவர்’ என்று வெட்டியபோது சிரிப்புத்தான் வந்தது.

அந்த அலுவலர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டினவர் பொறுப்பானவர், கட்டாதவர் தன்பாட்டைப் பார்க்கிறவர் என்ற கணக்கு. அமெரிக்காவில் நயோமி கேர்ஸ்டல், நடாலியா சார்கிசியன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். தாய் தகப்பனோடும் சகோதரங்களோடும் தொடர்பில் இருப்பதிலும், அயலவருக்கும் நண்பர்களுக்கும் உதவுவதிலும் கட்டாதவர்கள்தான் கூட என்று கண்டார்கள். எங்கள் ஊருக்கு இதை நிரூபிக்க ஆய்வு தேவையில்லை. செத்தவீட்டில் பின்பக்கம் நின்று பாத்திரம் கழுவுகிறவர் யார், தம்பியின் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பவர் யார், ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டாமல் நிற்கும் ஆச்சிக்குத் துணையாக வாங்கில் குந்திக்கொண்டு இருக்கிறவர் யார் என்று பாருங்கள். சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க மட்டும் அவரைக் கூப்பிடமாட்டோம்.

கட்டினவர்கள் கட்டாதவர்களைவிட நலமாக இருக்கிறார்கள் என்று எங்களுக்குப் பயிற்சிகளில் சொல்லித் தந்தார்கள். நானும் குறிப்பெடுத்தேன். டிபாலோ திரும்பத் திரும்பச் சொல்கிற குற்றச்சாட்டு இதில்தான். அப்படியான பல ஒப்பீடுகளில் ‘கட்டினவர்’ என்ற கூட்டத்தில் இன்றைக்கும் சேர்ந்து வாழ்கிறவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். பிரிந்தவரையும் துணையை இழந்தவரையும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், காலபோகத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போன வயலையெல்லாம் விட்டுவிட்டு, நின்ற வயலை மட்டும் வெட்டி, இந்த நெல்லினம் ஏக்கருக்கு இத்தனை மூடை தரும் என்று எழுதுவது போல. எந்தக் கமக்காரனும் அந்தக் கணக்கை நம்பி விதைக்கமாட்டான். யேர்மனியில் 24,000க்கு மேற்பட்டவர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்த தரவை வைத்து 2003இல் ரிச்சர்ட் லூக்காசும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வும் இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் கலியாணத்தை ஒட்டிச் சந்தோஷம் கொஞ்சம் ஏறி, பிறகு பழைய நிலைக்கே திரும்புகிறது என்று அது சொல்கிறது.

வன்னியில் வெள்ளம் அடித்த வயல்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். சண்டையின் கடைசி வருடங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் செய்து வைத்தோம். கட்டினவர்களை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்ற நம்பிக்கை. பங்கருக்குப் பக்கத்தில் மஞ்சள் துண்டைக் கட்டித் தாலி என்று சொன்னதை நான் கண்டிருக்கிறேன். அப்போது கலியாணம்தான் பாதுகாப்பு என்று முழு ஊரும் நம்பியது. அந்தப் பிள்ளைகளில் பலர் இருபது வயதுக்குள் விதவையானார்கள். சிலருக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

நானும் குற்றம் செய்திருக்கிறேன். அதை எழுதாமல் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. 2012இல் என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு 27 வயது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. தையல் பழகிக்கொண்டிருந்தாள், நன்றாகவே தைத்தாள். வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள், தனக்கு விருப்பமில்லை, இப்படியே இருந்தால் என்ன என்று கேட்டாள். நான் பயிற்சியில் படித்ததைச் சொன்னேன். ‘ஒரு துணை இருந்தால் மனதுக்கும் ஆறுதல்தானே, யோசித்துப் பாரும்.’ அவள் யோசித்தாள். தாயின் மிச்ச நகையை விற்றுச் சீதனம் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அவன் கொழும்பில் வேலை என்று போனான், பிறகு வரவில்லை. கைக்குழந்தையோடு திரும்பவும் என்னிடம் வந்தாள். “நீங்களும்தானே அக்கா சொன்னீங்கள்” என்றாள். கோபமாகக்கூட இல்லை, சும்மா ஞாபகப்படுத்துவது போல. பயிற்சிக் குறிப்பேட்டில் அதற்கு என்ன பதில் இருக்கிறது?

அதற்குப் பிறகுதான் அவளுக்கு வீடு கிடைத்தது. அது கிடைக்கவேண்டிய வீடு, சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தனியாகத் தைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த பெண்ணை உங்கள் படிவத்துக்குத் தெரியாது. கைவிடப்பட்ட மறுநாள் அவள் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ ஆனாள். நான் பார்த்த படிவங்களில் பெண்ணுக்கு நாலு கட்டம் இருந்தது: திருமணமானவர், கணவனை இழந்தவர், கணவனால் கைவிடப்பட்டவர், விவாகரத்தானவர். நாலும் ஒரு ஆணை வைத்துத்தான். கட்டாதவளுக்கு ‘ஏனையோர்’.

அக்கா எத்தனையோ தரம் தனிக் குடும்ப அட்டை கேட்டுப் போனார். கலியாணம் கட்டினால் தனி அட்டை தரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் இன்றைக்கும் அண்ணனின் அட்டையில்தான் பெயர். 2023இல் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவித்திட்டம் தொடங்கியபோது, மிக வறியவர், வறியவர், பாதிப்புக்குள்ளாகக்கூடியவர், இடைநிலையில் இருப்பவர் என்று நாலு பிரிவுக்குக் கணக்கெடுத்தார்கள். கணக்கெடுத்தது குடும்பத்தை. வந்து பார்த்தது அண்ணனின் சீமெந்துத் தரையையும் மின்குமிழையும். நாலு வளவு தள்ளிக் குப்பிவிளக்கு எரிகிற கொட்டிலை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

காணியில் மட்டும் அக்காவுக்கு அதிர்ஷ்டம். தாய் உயிரோடு இருக்கும்போதே அனுமதிப்பத்திரத்தில் அக்காவைப் பின்னுரித்தாளியாக, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, பதிந்துவிட்டார். அப்படிப் பதியாமல் விட்டிருந்தால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பழைய வரிசைப்படி ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம், 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆகச் சட்டத்தின் கண்ணில் அக்கா ஒரு காணிக்கு உரியவர். உங்கள் பட்டியலின் கண்ணில் அண்ணன் வீட்டில் ஒட்டியிருப்பவர்.

டிபாலோ எழுதுவதையெல்லாம் அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டவும் முடியாது. 2023இல் வந்த தன் நூலில் அவர் பேசுவது, தனித்து வாழ்வதே தங்களுக்கு மிக நிறைவான வாழ்க்கை என்று உணர்கிறவர்களைப் பற்றி. வன்னியில் கட்டாமல் இருக்கும் பெண்கள் எல்லோரும் அப்படி இல்லை. கட்ட ஆசைப்பட்டு, கட்ட இருந்தவனைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சீதனம் இல்லாமல் நின்றவர்கள், இயக்கத்தில் இருந்தவள் என்று மாப்பிள்ளை வீடு திரும்பிப் போனவர்கள், அங்கம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டுத் தங்களைப் பார்க்கும்போது நாற்பது தாண்டிவிட்டவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நான் முதலில் விரும்பி இப்படி இருக்கவில்லை, இப்போது விரும்பித்தான் இருக்கிறேன். விடியற்புறம் எழும்பி, என் தேத்தண்ணியை என் திண்ணையில் இருந்து குடிக்கும்போது இந்த வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. அக்காவிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வாரோ, நான் கேட்டதில்லை. விரும்பி இருக்கிறாரா, விதியென்று இருக்கிறாரா என்பதைப் பார்த்தா வீடு கொடுப்பது? கட்டினவர்களிடம் நீங்கள் அதைக் கேட்பதில்லையே.

ஔவையின் கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கலியாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் அழுது, இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டார். கட்டாமல் இருக்க விரும்பிய ஒரு பெண்ணை ஊர் மதிக்கவேண்டும் என்றால் அவள் கிழவியாகவேண்டியிருந்தது. ‘அறுபது தாண்டட்டும்’ என்று நீங்கள் சொன்னபோது எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு மாரி அந்தத் தகரத்துக்குக் கீழே கிடந்து வயதை ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறீர்கள்.

புள்ளி போடுவதற்கு நான் எதிரில்லை. பிள்ளைகள் எத்தனை, பள்ளிக்கூடம் போகிறவர்கள் எத்தனை என்று பார்க்கத்தான் வேண்டும். நாலு பிள்ளைகளோடு கொட்டிலில் இருக்கிற தாய்க்கு முதலில் வீடு போகட்டும், அக்காவே அதைத்தான் சொல்வார். வரிசையில் கடைசி ஆளாக நிற்க அவர் ஆயத்தம். நீங்கள் அவரை வரிசையிலேயே விடவில்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

தனியாக ஒரு கூரைக்குக் கீழே உலை வைக்கிறவர் யாராக இருந்தாலும், கட்டினவரோ கட்டாதவரோ, அவரைத் தனிக் குடும்பமாகப் பதிந்து தனிக் குடும்ப அட்டை கொடுங்கள். இது பெண்களுக்கு மட்டும் என்று இல்லை. பெண்சாதி பிள்ளைகளை மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் விட்டுவிட்டு வந்து தனியாகப் பொங்கித் தின்கிற அண்ணைமார், ஐயாமார் பலர் இருக்கிறார்கள், அவர்களையும் சேருங்கள்.

வீட்டுத்திட்டத் தெரிவில் ‘தனி அங்கத்தவர்’ என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் பெயரை வெட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். தலை எண்ணிப் புள்ளி போடுவதோடு, இருக்கிற கூரையின் நிலையையும், கதவு பூட்டுமா என்பதையும், நோய் வந்தால் பார்க்க ஆளில்லை என்பதையும் சேர்த்துப் புள்ளி போடுங்கள். ஓராளுக்கு முழு வீடு அதிகம் என்று நினைத்தால் சின்ன வீடு ஒன்றுக்கு வரைபடம் போடுங்கள். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு மலசலகூடம், உள்ளேயிருந்து பூட்டக்கூடிய ஒரு மரக்கதவு. அதற்குச் செலவும் குறையும், கூட ஆட்களுக்குக் கொடுக்கலாம்.

படிவங்களில் ‘திருமணமாகாதவர்’ என்று ஒரு கட்டத்தைச் சேருங்கள். எத்தனை பேர் என்ற கணக்கை ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் எடுத்து, பொதுநோக்கு மண்டபங்களில் ஒட்டுங்கள். நடமாடும் சேவைக்கு வரும்போது காணி அனுமதிப்பத்திரத்தோடு தனியாக இருப்பவர்களைக் கூப்பிட்டு, பின்னுரித்தாளியைப் பதிந்துவிட்டீர்களா என்று கேளுங்கள். பலருக்கு அது பதியவேண்டிய விஷயம் என்பதே தெரியாது.

உளவளத்துணைப் பணியை நடத்துகிறவர்களிடம் கேட்பது: கலியாணத்தை மருந்தாக எழுதிக் கொடுக்காதீர்கள். ‘ஒரு துணை இருந்தால் நல்லது’ என்ற வசனத்தைப் பயிற்சிக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பெண் ‘இப்படியே இருந்தால் என்ன’ என்று கேட்டால், இப்படியே இருப்பதற்கு அவளுக்கு என்ன தேவை என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். தனித்து வாழ்கிறவர்களைப் பற்றிய டிபாலோவின் வேலையையும் அவரைப் போன்றவர்களின் வேலையையும் பாடத்தில் ஒரு நாளாவது வையுங்கள். வேண்டுமென்றால் தமிழில் சுருக்கி எழுதித் தர நான் ஆயத்தம், காசு வேண்டாம்.

கடைசியாக, அக்காவின் விஷயம். அந்தக் கோட்டை அழித்து அவரின் விண்ணப்பத்தைத் திரும்பப் பரிசீலியுங்கள். முடிவு எதுவென்றாலும் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், கூட்டத்தில் நாலு பேருக்கு முன்னால் வாயால் வேண்டாம். கார்த்திகை மழை பிடிப்பதற்கு முன்னர் ஒரு அலுவலர் அந்தக் கொட்டிலுக்கு நேரில் வரவேண்டும். வரும்போது குனிந்துதான் உள்ளே போகவேண்டும், வாசல் அவ்வளவு தாழ்வு. வளையில் தொங்குகிற பையை அவிழ்க்கச் சொல்லி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். காணிக்கு உரியவரின் பெயர் இருக்கிற இடத்தில் அக்காவின் பெயர் இருக்கும். உங்கள் பட்டியலிலும் அந்தப் பெயரைத் திரும்ப எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரணைமடு வாய்க்காலை ஒட்டிய ஊரொன்றிலிருந்து,
ஓராள் குடும்பமொன்றின் தலைவி